அந்தப் பதின்மூன்று நாட்கள் நாம் எங்கே இருந்தோம்?

2025 ஆகஸ்ட் 1. சென்னை மாநகராட்சியின் ஐந்தாவது மண்டலமான ராயபுரத்திலும் ஆறாவது மண்டலமான திரு.வி.க. நகரிலும் குப்பை அள்ளிக்கொண்டிருந்த ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில், நடைபாதையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் வேலை பார்த்த மண்டலங்களைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்ட மாநகராட்சி, அங்கே போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள் என்றது. மாதம் ஏறத்தாழ 23,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அங்கே 17,000க்கும் கீழேதான். வைப்புநிதி, ஈஎஸ்ஐ, விடுப்பு எல்லாம் கிடைக்கும் என்று அதிகாரிகள் விளக்கினார்கள். தேசிய நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தின் பெயரில் பத்துப் பதினைந்து வருடங்களாகத் தெருவைக் கூட்டிக்கொண்டு, இன்றைக்கு நிரந்தரமாகும், நாளைக்கு நிரந்தரமாகும் என்று காத்திருந்தவர்கள் அவர்கள். பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலோர் தலித்துகள். கொரோனா ஊரடங்கில் நாம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தபோது நம் வாசலுக்கு வந்தவர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளம் வடிந்ததும் நம் வீட்டு மெத்தையையும் தலையணையையும் சேற்றோடு வாரிப்போட்டவர்கள்.

வெயிலும் மழையுமாகப் பதின்மூன்று நாட்கள் அங்கேயே இருந்தார்கள். எதிரே சென்ட்ரல், பக்கத்தில் பார்க் ஸ்டேஷன், காலடியில் மெட்ரோ. நாளொன்றுக்கு லட்சக்கணக்கான சென்னைவாசிகள் அந்த வழியாகத்தான் போய்வருகிறார்கள். நாமும் போனோம், வந்தோம்.

இந்த ‘நாம்’ யார் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சாதியை நியாயப்படுத்துகிறவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் சிலைக்கு மாலையிடுகிற நாம். செப்டம்பர் 17 அன்று சமூகநீதி நாள் உறுதிமொழியைக் கையை நீட்டி வாசிக்கிற நாம். வாசகர் வட்டம் நடத்துகிற, ஆவணப்படத் திரையிடலுக்கு ஆள் சேர்க்கிற, ஆசிரியர் சங்கத்திலும் வங்கி ஊழியர் சங்கத்திலும் பொறுப்பில் இருக்கிற, குடியிருப்போர் நலச்சங்கத்தில் செயலாளராகவும் பொருளாளராகவும் கையெழுத்துப் போடுகிற நாம். முற்போக்கு என்ற சொல்லை நம் மீது போர்த்திக்கொள்ள நமக்குத் தயக்கமே இருந்ததில்லை. அதனால்தான் இந்தக் கணக்கு நம்மிடமிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பதின்மூன்று நாட்களில் நாம் செய்ததை ஒளிக்காமல் எழுதினால் இவ்வளவுதான்: நம்மில் சிலர் ஒருநாள் மாலை அலுவலகம் முடிந்து போய் நின்றோம். பிஸ்கட் பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்தோம், படம் எடுத்தோம், வீட்டுக்கு வந்து பகிர்ந்தோம். பலர் அதையும் செய்யவில்லை. நடைபாதையை மறிக்கிறார்கள் என்று பொதுநல வழக்கு வந்தது. ஆகஸ்ட் 13 அன்று அவர்களை அப்புறப்படுத்தச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நள்ளிரவில் போலீஸ் பேருந்துகள் வந்தன. பெண்களைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். அவர்களோடு நின்ற சில வழக்கறிஞர்களையும் சட்ட மாணவர்களையும் கொண்டுபோனார்கள். அந்தக் காணொளிகளைப் பார்த்த பிறகுதான் நமக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அதைப் பற்றியே பேசினோம். அப்புறப்படுத்திய மறுநாளே தூய்மைப் பணியாளர்களுக்குக் காலை உணவு, காப்பீடு, வீடு என்று அரசு நலத்திட்டங்களை அறிவித்தது. அவர்கள் கேட்டது பணி நிரந்தரமும் பழைய சம்பளமும். கேட்டது ஒன்று, அறிவித்தது வேறு என்று சுட்டிக்காட்டக்கூட நம் வட்டங்களில் பெரும்பாலானவை ஒரு கூட்டம் போடவில்லை. போராட்டம் அதோடு ஓய்ந்துவிடவில்லை. நம் கவனம்தான் ஓய்ந்துவிட்டது.

அந்த நடைபாதையில் கடைசிவரை இருந்த வெளியாட்களும் உண்டு: கல்லூரி மாணவர்கள், இளம் வழக்கறிஞர்கள், சில கலைஞர்கள், பெரிய பலம் எதுவும் இல்லாத சின்னச் சின்ன இயக்கத் தோழர்கள். அவர்களை இந்தக் குற்றச்சாட்டுக்குள் இழுப்பது நியாயமாகாது. அவர்கள் எண்ணிக்கை அவ்வளவு குறைவாக இருந்ததற்குக் காரணம் நாம்.

ரிப்பன் மாளிகை 1913இல் திறக்கப்பட்டது. 1882இல் உள்ளாட்சித் தீர்மானத்தைக் கொண்டுவந்த வைஸ்ராய் ரிப்பனின் பெயர் அதற்கு. அந்தந்த ஊர்க்காரர்களே தங்கள் ஊர்க் காரியங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்மானத்தின் சாரம். அப்படியென்றால் ராயபுரத்துத் தெருவைக் கூட்டுகிறவருக்கு என்ன சம்பளம், அவரை யார் வேலைக்கு வைப்பது என்பது மயிலாப்பூர்க்காரரின், வேளச்சேரிக்காரரின், அண்ணா நகர்க்காரரின் காரியமும்தான். சொத்து வரி நாம் கட்டுவது. அந்தப் பணத்தில்தான் ஒப்பந்தக்காரருக்குக் காசோலை போகிறது. ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால் முதன்மை வேலையளிப்பவரே கொடுத்தாக வேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது. குப்பை விஷயத்தில் அந்த முதன்மை வேலையளிப்பவர் மாநகராட்சி. மாநகராட்சி என்பது வேறு யாரோ அல்ல.

இது ஆகஸ்டில் திடீரென்று முளைத்த பிரச்சினையும் இல்லை. சென்னையில் குப்பை அள்ளும் வேலை முதன்முதலாகத் தனியார் கைக்குப் போனது 2000ஆம் ஆண்டில். அதற்குப் பிறகு நிறுவனங்கள் மாறின, வண்டியின் நிறம் மாறியது, சீருடை மாறியது. 2025க்குள் நகரின் பெரும்பாலான மண்டலங்கள் தனியாரிடம் போய்ச் சேர்ந்திருந்தன. தென் சென்னையில் இருக்கிற நம் பேட்டைகளுக்கு அது எப்போதோ வந்துவிட்டது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் நாம் விசாரித்தது என்ன? வண்டி எத்தனை மணிக்கு வரும், ஞாயிற்றுக்கிழமை வருமா, தெருமுனைத் தொட்டியை எடுத்துவிடுவார்களா. பழைய ஆட்கள் என்ன ஆனார்கள், எந்த ஊருக்குப் போனார்கள், எத்தனை பேரைத் திரும்ப எடுத்தார்கள் என்று கேட்ட நலச்சங்கக் கூட்டம் ஒன்றுகூட நம் நினைவில் இல்லை. தெரு சுத்தமாக இருந்ததா என்பது ஒன்றே நமக்கு அளவுகோலாக இருந்தது. கடைசியாக மிஞ்சிய மண்டலங்களில், வடசென்னையில், அந்த வேலையை விடமாட்டோம் என்று பெண்கள் உட்கார்ந்தபோது நமக்கு அது செய்தியாக இருந்தது. இருபத்தைந்து வருடம் நம் தெருவில் நடந்ததன் தொடர்ச்சி அது என்பது உறைக்கவில்லை.

நம் தெருவுக்கு வருவோம். காலை ஆறு, ஆறரைக்கு பேட்டரி வண்டி வருகிறது. ஒரு அக்கா ஓட்டுகிறார், இன்னொருவர் கூடவே நடக்கிறார். வாசலில் நாம் வைத்திருக்கும் கேரி பையை எடுக்கிறார். முடிச்சு இறுக்கமாகப் போட்டிருக்கிறோம். அதை அவர் பிரித்தாக வேண்டும், ஏனென்றால் மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துக் காட்டாவிட்டால் மேற்பார்வையாளரிடம் அவர்தான் பேச்சு வாங்குவார். பிரிக்கிறார். நேற்றைய சாம்பார் கையில் வழிகிறது. அடியில் புளித்த சோறு, அதோடு ஒட்டிக்கொண்டு குழந்தையின் டயப்பர், காகிதம்கூடச் சுற்றாத நாப்கின், சர்க்கரை நோயாளி போட்டுக்கொண்ட ஊசி, உடைந்த டம்ளர். கையுறை கொடுத்திருந்தால் முதல் வாரத்திலேயே கிழிந்திருக்கும். டம்ளர் கிழித்த விரலைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். மூன்று வகையாகப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும், நாப்கினைச் சுற்றித்தான் போட வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டுக்காரருக்குச் சொன்னன. அந்த ஒரு காரியத்துக்குப் போராட்டமும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம். சமையலறையில் மூன்று கூடையும் ஒரு பழைய செய்தித்தாளும் போதும். பெரியாரைப் படித்த வீடுகளிலிருந்தும், மார்க்ஸைப் படித்த வீடுகளிலிருந்தும், அம்பேத்கர் படம் மாட்டிய வீடுகளிலிருந்தும் அந்த முடிச்சுப் போட்ட பை வந்துகொண்டுதான் இருக்கிறது.

காலை ஆறிலிருந்து மதியம்வரை தெருவிலேயே இருக்கும் அந்தப் பெண்கள் சிறுநீர் கழிக்க எங்கே போகிறார்கள்? ஐம்பது வீடு, நூறு வீடு கொண்ட அடுக்குமாடிகளில் காவலாளிக்கென்று கீழே ஒரு கழிப்பறை இருக்கும். அதைத் தூய்மைப் பணியாளர்களும் பயன்படுத்தட்டும் என்று எழுதி ஒட்டிய கட்டடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தண்ணீர் குடிக்காமலே வேலை பார்த்துவிட்டுப் போகிறார்கள், சிறுநீர்த் தொற்றை வாங்கிக்கொள்கிறார்கள். பெண்ணுரிமைக் கருத்தரங்கு நடத்திய நம் கைகளுக்கு அந்தக் கழிப்பறைச் சாவியைக் கொடுக்கத் தோன்றவில்லை. 2020இல் சில ஊர்களில் இதே பெண்களை நாற்காலியில் உட்கார வைத்து, காலைக் கழுவி, பாதபூஜை செய்து, மாலை போட்டோம். அந்தப் படங்களில் அவர்கள் முகத்தில் இருந்த கூச்சத்தை இப்போது எடுத்துப் பார்த்தால், அந்த மரியாதை யாருக்காகச் செய்யப்பட்டது என்பது விளங்கும்.

செப்டிக் டேங்க் இன்னும் கனமான விஷயம். சென்னையைச் சுற்றி நகரம் வளர்ந்துகொண்டே போகிற பக்கங்களில் பாதாளச் சாக்கடை முழுதாக வந்து சேரவில்லை. வீட்டுக்கு வீடு தொட்டி. அது நிரம்பினால் லாரிக்குச் சொல்கிறோம். லாரிக் குழாய் மேலே இருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும். அடியில் இறுகிக் கிடக்கிற சேறு வராது. ‘அதையும் எடுத்துக் குடுத்துடுப்பா’ என்று யாரோ சொல்கிறார்கள். ஒருவர் இறங்குகிறார்.

உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கிறது. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கிற நேரம்தான் சாவுக்குரிய நேரம். சேற்றைக் கிளறினால் அடியில் அடைபட்டிருந்த வாயு ஒரேயடியாக மேலே வரும், ஓரிரு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். விழுந்தவரைத் தூக்க அண்ணனோ மச்சானோ குதிப்பார், அவரும் விழுவார். இந்தச் செய்திகளில் இறந்தவர்கள் இரண்டு பேர், மூன்று பேர் என்று வருவதற்கும், ஒரே குடும்பத்தின் பெயர்களாக இருப்பதற்கும் இதுதான் காரணம்.

பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்குவது 2013ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் உள்ளாட்சியையும் நிறுவனத்தையும் மட்டும் குறிக்கவில்லை, எந்த ஒரு ஆளும் என்று சொல்கிறது. வீட்டுக்காரரும் அதில் அடக்கம். முதல் தடவைக்கே இரண்டு ஆண்டுவரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் பத்து லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை முப்பது லட்சமாக உயர்த்தியது. அந்த முதல் தீர்ப்பு வானத்திலிருந்து விழவில்லை. சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்ற இயக்கம், பெஜவாடா வில்சன் போன்றவர்கள், ஊர் ஊராகப் போய் இறந்தவர்களின் விவரங்களைத் திரட்டி, பல ஆண்டுகள் வழக்காடிப் பெற்றது அது. 2015 டிசம்பரில் திப்ரூகரில் புறப்பட்ட அவர்களுடைய பீம் யாத்திரை, நாடு முழுக்கச் சுற்றி, 2016 ஏப்ரலில் தில்லியில் முடிந்தது. ‘எங்களைக் கொல்லாதீர்கள்’ என்பதுதான் அவர்கள் தூக்கிவந்த வேண்டுகோள்.

அந்த இறப்புகளின் கணக்கு நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டபோது முதலிடத்தில் இருந்த மாநிலம் தமிழ்நாடு. கல்வியில், மருத்துவத்தில், இடஒதுக்கீட்டில் நாம் எங்கே நிற்கிறோம் என்று எத்தனையோ மேடைகளில் பெருமையோடு சொல்லியிருக்கிறோம். அந்தப் பெருமைக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த முதலிடத்தை எத்தனை மேடைகளில் சொன்னோம்? 2017இல் திவ்ய பாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படம் வந்தபோது அரங்குகளில் உட்கார்ந்து பார்த்தோம், சிலர் அழுதோம். படத்துக்கும் அதை எடுத்தவருக்கும் தொல்லைகள் வந்தபோது கண்டன அறிக்கையில் பெயர் போட்டோம். அதெல்லாம் தேவையான காரியங்கள்தான். வீடு திரும்பியபின், நம் கட்டடத்துத் தொட்டியைச் சுத்தம் செய்பவர் யார், அவரிடம் உரிமம் பெற்ற வண்டி இருக்கிறதா, அடிச்சேற்றை எப்படி எடுக்கிறார் என்று பராமரிப்புக் குழுவில் கேட்டவர்கள் மிகச் சிலர். படத்தில் வந்த தொட்டியும் நம் வீட்டு வாகன நிறுத்தத்துக்கு அடியில் இருக்கும் தொட்டியும் ஒன்றுதான்.

ஆறாவது மண்டலத்தின் பெயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திரு.வி.க. தமிழ்த் தென்றல் என்று பாடப்புத்தகத்தில் படித்தவர் மட்டுமல்ல. 1918 ஏப்ரலில் பி.பி. வாடியா தலைமையில் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் முன்னணியில் நின்றவர். இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றில் எழுதப்படுவது அது. பெரம்பூர், புளியந்தோப்பு, பட்டாளம் பக்கத்து பின்னி ஆலைத் தொழிலாளிகள் கட்டிய சங்கம். 1923 மே 1 அன்று சிங்காரவேலர் நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடியதும் இதே நகரத்துக் கடற்கரையில்தான். இந்தப் பெருமைகளை மே தினக் கட்டுரைகளில் ஆண்டுதோறும் எழுதிவருகிறோம். இரண்டுக்கும் நடுவில் வருகிற 1921ஐ மட்டும் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். அந்த ஆண்டு பின்னி ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளிகள் பெரும்பாலும் சேரவில்லை. சங்கம் தங்களுடையது என்ற நம்பிக்கை அவர்களுக்கு ஏற்படவில்லை. வேலைக்குப் போனவர்களுக்கும் நிறுத்தம் செய்தவர்களுக்கும் மோதல் மூண்டது. புளியந்தோப்பில் சேரிக் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. மாதக்கணக்கில் நீண்ட போராட்டம் தோற்றது. தொழிலாளர் ஒற்றுமை என்று பேசிய சங்கம் தன் ஆலைக்குள் இருந்த சாதியைக் கையிலெடுக்காமல் விட்டதற்குக் கொடுத்த விலை அது. அதைப் பயன்படுத்திக்கொண்டவர்கள் முதலாளிகள்.

நூறு வருடம் கழித்து அதே புளியந்தோப்பையும் உள்ளடக்கிய மண்டலத்துப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். இந்தமுறை நாம் எதிரே நின்று கல்லெறியவில்லை. வராமல் இருந்துவிட்டோம். பழைய ஓய்வூதியத்துக்காக லட்சம் பேரைத் திரட்டத் தெரிந்த நம் சங்கங்கள், ஊதிய உயர்வு பேச்சுவார்த்தைக்கு நாடு தழுவிய வேலைநிறுத்தம் நடத்தத் தெரிந்த நம் சங்கங்கள், ரிப்பன் மாளிகை வாசலுக்கு ஒரு முழுநாள் தங்கள் உறுப்பினர்களை அழைத்துவரவில்லை. ஆதரவுத் தீர்மானம் போட்டன. நிரந்தர வேலையில் இருப்பவர் நிரந்தரம் கேட்பவரின் பக்கத்தில் போய் உட்காரவில்லை என்றால், 1921இலிருந்து நாம் கற்றது எதுவுமில்லை.

நம் நிகழ்ச்சிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடந்த பத்து ஆண்டுகளில் சென்னையில் நல்ல மாற்றங்கள் நடந்தன. ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர் குடியிருப்புக்கு நடுவே கர்நாடக சங்கீதமும் பறையும் ஒரே மேடையில் ஒலித்தன. நீலம் பண்பாட்டு மையம் ஏப்ரல் மாதத்தைத் தலித் வரலாற்று மாதமாகக் கொண்டாடி வானம் கலைத் திருவிழாவை நடத்துகிறது. மார்கழியில் மக்களிசை வந்தது, கானாவும் ஒப்பாரியும் பெரிய அரங்குகளுக்கு வந்தன. இவற்றை உண்டாக்கியவர்கள் பெரும் உழைப்பைக் கொட்டியிருக்கிறார்கள். அந்த அரங்குகளில் கூட்டமாகப் போய் உட்கார்ந்ததைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் குறை, கைதட்டி முடித்ததோடு கடமை முடிந்தது என்று எழுந்து வந்ததுதான். வடசென்னைப் பாட்டை ரசித்த நாம் வடசென்னைப் பெண்களின் பந்தலைத் தேடிப் போகவில்லை.

நாமே நடத்துகிற கூட்டங்கள் இன்னும் மோசம். ஞாயிறு மாலை ஆறு மணி, மின்விசிறி ஓடுகிற சிற்றரங்கு, பேராசிரியருக்கு முக்கால் மணி நேரம், பத்திரிகையாளருக்கு அரை மணி. நிறைவில் ஒரு தூய்மைப் பணியாளரை மேடையேற்றி, ‘உங்க அனுபவத்தை ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா’ என்கிறோம். அவர் தன் மேஸ்திரி பெயர், வார்டு எண், மூன்று மாதம் நின்றுபோன சம்பளம் என்று விவரமாகச் சொல்லத் தொடங்கும்போது நேரமாகிவிட்டது என்று துண்டுச் சீட்டு போகிறது. அவர் சொல்ல வந்ததுதான் அந்தக் கூட்டத்துக்கான வேலைத்திட்டம். அதைக் குறித்துக்கொள்ள யாரும் பேனா எடுப்பதில்லை. அவர் மறுநாள் விடியற்காலை எழுந்து வருகைப்பதிவுக்கு நிற்க வேண்டும், ஆறு மணிக் கூட்டத்திலிருந்து அவர் வீடுபோய்ச் சேர ஒன்பதாகும் என்பதுகூட நேரம் குறித்தபோது நமக்குத் தோன்றவில்லை. கூட்டம் முடிந்து தேநீர்க் கோப்பைகளை மேசையிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

நாம் செய்யாமல் விட்டவற்றில் பெரியது, நம் வார்டிலேயே இருக்கிற வாய்ப்பை விட்டதுதான். கிராமங்களில் கிராம சபை இருப்பதுபோல நகரங்களிலும் பகுதி சபையும் வார்டு குழுவும் வேண்டும் என்று எத்தனையோ பேர் வருடக்கணக்கில் கேட்டார்கள். 2022இல் அதற்கான விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று முதல் பகுதி சபைகள் கூடின. ஆண்டுக்கு நான்கு நாட்கள் குறித்திருக்கிறார்கள்: ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. கவுன்சிலர் வர வேண்டும், மக்கள் கேட்க வேண்டும், தீர்மானம் எழுத வேண்டும். ஏப்ரல் 14 அன்று சிலைக்கு மாலை போடப் போகிற நாம், அதே நாளில் நம் பகுதி சபை எங்கே கூடுகிறது என்று தேடிப் போவதில்லை. பல இடங்களில் அது கூடுகிறதா என்பதே தெருக்காரர்களுக்குத் தெரியாது. கூடாமல் போனால் ஏன் கூடவில்லை என்று மனு போடவும் ஆளில்லை. போகிற ஓரிருவரும் தெருவிளக்கு, மழைநீர் வடிகால், நாய்த் தொல்லை என்று கேட்டுவிட்டு வருகிறார்கள். எல்லாம் நியாயமான கேள்விகள். குப்பை ஒப்பந்தத்தில் கூலி என்ன என்று எழுதியிருக்கிறது, அது கைக்கு வருகிறதா, வைப்புநிதி கட்டியிருக்கிறார்களா, இந்த வார்டில் எத்தனை பேருக்குக் கையுறையும் காலணியும் கொடுத்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். ஆறாவது மண்டலத்துக்காக ரிப்பன் மாளிகை வாசலில் கேட்க வேண்டியிருந்த கேள்வியை, இருநூறு வார்டிலும் முன்கூட்டியே கேட்டிருக்க முடியும். கேட்டிருந்தால் தனியார்மயம் நின்றிருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் ஏறக்குறைய ஆறாயிரம் ரூபாய் குறைகிறது என்பதை அந்தப் பெண்கள் மட்டுமே கத்திச் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

நேரமில்லை என்பது நாம் எப்போதும் சொல்கிற காரணம். தனியாளாக என்ன செய்துவிட முடியும் என்பது அடுத்தது. அவர்கள் இரண்டாயிரம் பேர் பதின்மூன்று நாள் சம்பளத்தை விட்டு உட்கார்ந்தார்கள். கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்கிற, பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய ஆட்கள் அவர்கள். நம்மிடம் சேமிப்பு விடுப்பு இருந்தது, மாதச் சம்பளம் நிச்சயமாக இருந்தது, படித்த சட்டம் இருந்தது, மனு எழுதத் தெரிந்திருந்தது. இவ்வளவும் இருந்தும் வராததற்கு நேரத்தைக் காரணம் காட்டுவது நேர்மையில்லை. அந்த வேலையைச் செய்கிறவர்கள் பரம்பரையாகச் சிலராகவே இருப்பதை நம் மனம் உள்ளூர இயல்பாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதைக் கூச்சத்தோடு ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

இதை வாசிக்கிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவுக்கு வரும் பணியாளரின் பெயரையும், அவர் மாநகராட்சி ஆளா ஒப்பந்த ஆளா என்பதையும், கையில் வருகிற சம்பளத்தையும் இந்த வாரமே அவரிடம் விசாரியுங்கள். அவருக்குச் சம்மதம் இருந்தால் மட்டும் அதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கேள்வியை நீங்கள் உங்கள் பெயரில் கேளுங்கள், அவர் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது. கட்டடத்துக் கழிப்பறையைத் திறந்துவிடச் சொல்லி அடுத்த நலச்சங்கக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவாருங்கள். செப்டிக் டேங்க் நிரம்பினால் 14420 எண்ணுக்கு அழையுங்கள், எவ்வளவு அவசரமானாலும் ஆளை இறக்கச் சம்மதிக்காதீர்கள். ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 ஆகிய நாட்களைக் குறித்துக்கொண்டு, பத்துப் பேராகப் பகுதி சபைக்குப் போங்கள். போகும்போது உங்கள் வார்டின் தூய்மைப் பணி ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு ஒரு தகவல் உரிமை மனுவையும் போட்டுவிட்டுப் போங்கள்.